பொது விளையாட்டு வளாகம் வருகிறது: வரைபடத்தில் எதைப் பார்க்கணும், எதைக் கேட்கணும்?

#1 தாமான்வாசி

வணக்கம். கோலாலம்பூரில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் இருக்கும் பழைய ஈயலம்ப (ஈயச் சுரங்க) நிலத்தில் பொது விளையாட்டு வளாகம் கட்டப் போகிறார்கள். அறிவிப்புப் பலகை நட்டாகிவிட்டது, ஆட்சேபம் சொல்ல நாள் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு வளாகம் வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. கட்டி மூன்று வருஷத்தில் பூட்டு தொங்கக் கூடாது என்பதுதான் கவலை.

வரைபடத்தில் இருப்பவை: 8 லேன் 400 மீட்டர் ஓடுதளம், அதற்குள் 105-க்கு 68 காற்பந்துத் திடல், 50 மீட்டர் நீச்சல் குளம், 12 பூப்பந்து ஆட்டக்களங்கள் கொண்ட மண்டபம் (48 மீ. நீளம், 30 மீ. அகலம் என்று போட்டிருக்கிறது), வெள்ளநீர்க் குட்டையைச் சுற்றி மெதுவோட்டப் பாதை, 90 கார் நிறுத்துமிடம். விளக்கக் கூட்டத்தில் நமக்குப் பேசக் கிடைப்பது பத்து நிமிஷம். எதைக் கேட்கலாம்?

#2 மட்டக்கோல்

பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷத்தை மண்ணுக்கு ஒதுக்குங்கள். மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

ஈயலம்ப நிலம் ஒரே மாதிரி மண் இல்லை. ஈயம் அலசிய காலத்தில் மணல் வாய்க்கால் முனையிலேயே படிந்துவிடும். நுண்சேறு மட்டும் தண்ணீரோடு போய்ப் பள்ளத்தில் தங்கும். அதனால் ஓரிடத்தில் நல்ல மணல் இருக்கும், இருபது மீட்டர் தள்ளித் தயிர் மாதிரி சேறு இருக்கும். மேலே ஒரு மீட்டர் செம்மண் கொட்டிப் புல் முளைத்துவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பழைய நில அளவைப் படத்தில் குட்டைகள் எங்கே இருந்தன என்று பார்த்து, அதைப் புது வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். குட்டையின் கரை ஓடுதளத்தின் குறுக்கே ஓடினால் அங்கேதான் வெடிக்கும்.

கேட்க வேண்டியது: மண் மாதிரி எடுக்கும் துளைக்கிணறு எத்தனை போட்டார்கள், எங்கெங்கே? 50 மீட்டருக்கு ஒன்று என்றால் இந்த நிலத்துக்குப் போதாது. நடுவில் ஜேகேஆர் (பொதுப்பணித் துறை) புரோப் என்ற சோதனைக் கம்பி அடித்து நிரப்ப வேண்டும். 5 கிலோ சுத்தியல், 280 மி.மீ. உயரத்திலிருந்து விழும், ஒவ்வொரு 300 மி.மீ. இறங்க எத்தனை அடி என்று எண்ணுவார்கள். மலிவான சோதனை, நாளுக்குப் பல இடம் அடிக்கலாம். சேற்றுப் பையின் எல்லையைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி கிடையாது.

சேறு 2, 3 மீட்டருக்குள் என்றால் தோண்டி எடுத்துவிட்டு மணல் நிரப்புவது உத்தமம். அதற்குக் கீழே போனால் சேற்றிலுள்ள தண்ணீரை வெளியேற்றும் செங்குத்து வடிகால் பட்டை இறக்கி, மேலே மண் பாரம் ஏற்றி, அமிழ்ந்து முடியும்வரை காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்புக்கு அட்டவணையில் எத்தனை மாதம் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் புரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று: கோலாலம்பூரின் பல பகுதிகளில் அடியில் சுண்ணாம்புப் பாறை. பாறைக்குள் பொந்து இருக்கும். பைல் (ஆழத் தூண்) அடிக்கும் கட்டடங்களுக்கு அதையும் சோதித்தார்களா என்று ஒரு வார்த்தை.

#3 செபராங்காரன்

மட்டக்கோல் அண்ணன் சொன்ன காத்திருப்புதான் எங்கள் பக்கத்திலும் கதை. பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், குறிப்பாகப் பத்து காவான் பக்கம், அடியில் கடற்களிமண். வடிகால் பட்டையை 1 முதல் 1.5 மீட்டர் இடைவெளியில் இறக்குவார்கள். இடைவெளி கூடினால் செலவு குறையும், காலம் நீளும்.

நம் நாட்டில் பெரிய வளாகங்கள் பெரும்பாலும் போட்டித் தேதியோடு பிறப்பவை. புக்கிட் ஜாலில் 1998 காமன்வெல்த் போட்டிக்கு, பத்து காவான் அரங்கம் 2000 சுக்மாவுக்கு (மலேசிய விளையாட்டுப் போட்டி). தொடக்க விழா தேதி நகராது. எனவே எங்கேயாவது நாள் குறைக்க வேண்டுமென்றால் முதலில் கைவைப்பது மண் பாரம் நிற்கும் மாதங்களில்தான், ஏனென்றால் அந்த மாதங்களில் தளத்தில் யாரும் வேலை செய்வதாகத் தெரியாது. இந்த இரண்டில் அப்படி நடந்தது என்று சொல்லவில்லை. பொதுவாக ஆபத்து அங்கேதான். உங்கள் வளாகத்துக்குப் போட்டித் தேதி ஏதும் இல்லையென்றால் அது பெரிய வரம், தாமான்வாசி. அவசரப்படுத்தாதீர்கள்.

போக்குவரத்து பற்றி ஒன்று. புக்கிட் ஜாலிலுக்கு எல்ஆர்டி (இலகு ரயில்) நிலையமும் அரங்கமும் ஒரே 1998-இல் வந்தன. பத்து காவானில் 40,000 பேர் உட்காரும் அரங்கம் 2000-இல் வந்தது, பினாங்குத் தீவிலிருந்து நேராக வர இரண்டாவது பாலம் 2014-இல்தான் திறந்தது. எது நிரம்பும், எது காலியாகக் கிடக்கும் என்பதைப் பாதி இதுவே தீர்மானித்துவிடும். உங்கள் இடத்துக்குப் பேருந்து நிறுத்தம் எத்தனை மீட்டர்?

#4 எட்டாம்லேன்

ஓடுதளக் கணக்கு. நேர்ப்பகுதி 84.39 மீ., வளைவின் ஆரம் உள்விளிம்பு வரை 36.50 மீ. முதல் லேனை உள்விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளப்பார்கள், அதாவது 36.80. இரண்டு நேர்ப்பகுதி 168.78, வளைவுகள் 231.22, மொத்தம் 400. ஒரு லேன் 1.22 மீ. எனவே 8 லேனுக்கு வெளி அளவு 176.91-க்கு 92.52. வரைபடத்தில் நிலம் இந்த அளவுக்கு ஒட்டி வெட்டியிருந்தால் தவறு. 110 மீட்டர் தடையோட்டத்துக்குத் தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் 3 மீட்டரும், முடிவுக்கு அப்பால் 17 மீட்டரும் வேண்டும். பள்ளி விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகள் வேலியில் போய் மோதுவது இதை மறந்ததால்தான்.

நீள அச்சு வடக்கு தெற்காக இருக்கிறதா பாருங்கள். நம் ஊரில் சூரியன் வருஷம் முழுக்கக் கிட்டத்தட்ட நேர்க் கிழக்கு மேற்கு. மாலை ஐந்து மணிக்குக் கோல்காப்பாளர் கண்ணில் வெயில் அடிக்கக் கூடாது.

சரிவு: குறுக்கே உள்பக்கமாக 100-க்கு 1-க்கு மேல் போகக் கூடாது, ஓடும் திசையில் 1000-க்கு 1. இவ்வளவு நுணுக்கமான தளத்தின் அடியில் சேற்றுப் பை மூன்று செ.மீ. அமிழ்ந்தாலே தண்ணீர் தேங்கும். அண்ணன் ஆறு நிமிஷம் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

இனி அடுக்கு. கீழே இறுக்கிய கல்தூள், மேலே இரண்டு அடுக்கு தார், அதற்கு மேல் 13 மி.மீ. செயற்கைப் பரப்பு. தார் போட்டதும் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து முழுத் தளத்தையும் நனைத்து, அரை மணி நேரம் கழித்து நடந்து பார்க்க வேண்டும். தேங்கிய இடத்தைச் சாக்கட்டியால் வட்டம் போட்டு, சீவியோ நிரப்பியோ சரிசெய்துவிட்டுத்தான் மேல்பரப்பு. 4 மீட்டர் மட்டப்பலகை வைத்தால் அடியில் இடைவெளி 6 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. இந்தச் சோதனைக்கு யார் சாட்சி, பதிவு எங்கே என்று கேளுங்கள்.

தார் ஆறி எண்ணெய் வற்ற குறைந்தது 14 நாள், 28 என்றால் நல்லது. அதற்குள் மேல்பரப்பு ஊற்றினால் ஒட்டாது. ஈரம் இன்னும் மோசம். பாலியூரித்தேன் ஈரத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு விட்டு நுரைக்கும், ஆறு மாதத்தில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் கோலாலம்பூரில் பெரும்பாலான நாள் மாலை மழை. அந்த மாதங்களில் ஊற்றத் திட்டமிட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

வகை: தண்ணீர் ஊடுருவும் தெளிப்பு வகை விலை குறைவு. மர நிழல் விழும் இடத்தில் பாசி அடைத்து இரண்டு வருஷத்தில் ஊடுருவாத வகையாகிவிடும். அடியில் ரப்பர், நடுவில் அடைப்பு, மேலே பாலியூரித்தேன் என்ற சாண்ட்விச் வகையே பொது இடத்துக்கு என் தேர்வு. தேய்ந்தால் மேல் அடுக்கை மட்டும் சுரண்டி மறுபடி போடலாம்.

#5 பசும்புல்

எட்டாம்லேன் கொடுத்த ஆரத்தை வைத்து ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஓடுதளத்துக்குள் 105-க்கு 68 திடல் அடங்கும், ஆனால் எப்படி? கோல் கோடு நேர்ப்பகுதி முடிவிலிருந்து 10.3 மீட்டர் வளைவுக்குள் போகிறது. அந்த இடத்தில் அரை அகலம் 35 மீட்டர்தான். திடலின் அரை அகலம் 34. ஆக, மூலைக்கொடிக்கும் ஓடுதள விளிம்புக்கும் நடுவே ஒரே ஒரு மீட்டர்! கார்னர் அடிக்க ஓடி வருகிறவன் ஆணிக் காலணியோடு ஓடுதளத்தில்தான் நிற்பான், விளிம்பில் தடுக்கியும் விழுவான். 100-க்கு 64 என்று குறைத்தால் அதே மூலையில் 3.6 மீட்டர் கிடைக்கும். அனைத்துலக ஆட்டத்துக்கே அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச அளவு அது. தாமான் (குடியிருப்பு) லீக்குக்கு ஏன் 105?

புல் பற்றி: புக்கிட் ஜாலிலில் மாட்டுப்புல்லை எடுத்துவிட்டு ஸோய்சியா போட்டதைப் பார்த்து எல்லாருக்கும் அதே ஆசை. ஸோய்சியா அடர்த்தி, அழகு, தண்ணீர் குறைவாகக் குடிக்கும். ஆனால் கிழிந்தால் மெதுவாகத்தான் மூடும். தினமும் ராத்திரி ஆடும் திடலுக்கு ஓய்வே கிடைக்காது. மாட்டுப்புல் முரட்டுப் புல், பந்து சீராக உருளாது, ஆனால் விலை குறைவு, நிழலையும் தாங்கும், பட்டை வாங்கி ஒட்டுப்போட எங்கேயும் கிடைக்கும். நான் மாட்டுப்புல் பக்கம். புல்லுக்கான காசை அடியில் மணலுக்குப் போடுங்கள்: 300 மி.மீ. மணல், 100 மி.மீ. சரளை, 5 மீட்டர் இடைவெளியில் 100 மி.மீ. துளையிட்ட வடிகால் குழாய். மணலில் கால் மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரையிலான துகள்தான் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். அலசாத ஈயலம்ப மணலை அப்படியே கொட்டினால் அதிலுள்ள நுண்சேறு ஒரே மழையில் குழாயைச் சுற்றிப் படலம் கட்டும். நிலத்திலேயே மணல் கிடைக்கிறதே என்று ஒப்பந்தக்காரர் ஆசைப்படுவார், மணலைச் சலித்துப் பார்த்த சோதனை அறிக்கை கேளுங்கள்.

வாரத்துக்கு ஏறத்தாழ 15 மணி நேரத்துக்கு மேல் ஆடினால் எந்தப் புல்லும் தேயும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பக்கத்தில் சிறிய செயற்கைப் புல் களம் ஒன்று, ராத்திரி ஆட்டத்துக்கு மட்டும். மதியம் அதன் பரப்பு 60 பாகை செல்சியஸ் தாண்டும், பிள்ளைகளை விட முடியாது.

#6 தாமான்வாசி

ஒரு மீட்டர்! படத்தில் அளந்து பார்த்தேன், சரியாகவே இருக்கிறது. குளம், மண்டபம் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன். பேருந்து நிறுத்தம் 700 மீட்டர், செபராங்காரன் ஐயா. நடைபாதை பாதி தூரத்துக்குத்தான்.

#7 தெளிநீர்

50-க்கு 25, ஆழம் 2 மீட்டர் என்றால் 2,500 கன மீட்டர் தண்ணீர். நாலு மணிக்கு ஒரு முறை முழுத் தண்ணீரும் வடிகட்டி வழியே சுற்ற வேண்டும், மணிக்கு 625 கன மீட்டர். பம்ப் எத்தனை? இரண்டு பம்ப் முழுச் சுமையில் ஓடும்படி வடிவமைத்துவிட்டு மூன்றாவதை விட்டுவிடுவார்கள். ஒன்று எரிந்தால் மோட்டாருக்குக் கம்பி மறுபடி சுற்றி வர ஒரு மாதம், கொள்முதல் சுற்றில் இன்னும் இரண்டு மாதம், குளம் பச்சை. உதிரி பம்ப் பொருத்திய நிலையிலேயே ஒப்பந்தத்தில் வர வேண்டும்.

ஆனால் என் முதல் கேள்வி வேறு. இது யாருக்கான குளம்? 2 மீட்டர் ஆழத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க முடியாது. 50 மீட்டர் குளத்தோடு 0.9 முதல் 1.2 மீட்டர் ஆழத்தில் தனிக் கற்றல் குளம் இல்லையென்றால், 50 மீட்டரை 25 ஆக்கிவிட்டு அந்தக் காசில் கற்றல் குளம் கேளுங்கள். மகளிருக்கு மட்டுமான நேரம் வைக்கத் தனி மறைப்புள்ள குளம் இருப்பதும் வசதி.

மண் விஷயம் இங்கேயும். குளம் பைல் மேல் நிற்கும், சுற்றியுள்ள நடைதளம் வெறும் மண் மேல். இரண்டு வருஷத்தில் நடைதளம் ஐந்து செ.மீ. இறங்கும், குளம் இறங்காது. நடுவே போகும் குழாய் சுவரை ஒட்டியே முறியும். தினமும் தண்ணீர் குறைகிறது, எங்கே போகிறது என்று தெரியவில்லை என்ற புகார் பெரும்பாலும் இதுதான். சுவரைத் தாண்டும் ஒவ்வொரு குழாய்க்கும் நெகிழும் இணைப்பு, நடைதளத்துக்கும் சுவருக்கும் நடுவே தொங்கு பலகை (மண் மேல் படுக்காத கான்கிரீட் தளம்). வரைபடத்தில் இருக்கிறதா?

அடுத்தது மிதப்பு. பழைய குட்டை நிலம், நிலத்தடி நீர் மேலேயே இருக்கும். குளத்தைக் காலி செய்யும்போது தண்ணீர் தளத்தின் அடிமட்டத்துக்கு 1.5 மீட்டர் மேலே நின்றால் சதுர மீட்டருக்கு 1.5 டன் மேல்நோக்கித் தள்ளும். 40 செ.மீ. கான்கிரீட் தளத்தின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. 1,250 சதுர மீட்டர் தளம் வயிறு உப்பி ஓடுகள் பெயரும். தளத்தைக் கீழே பிடித்துவைக்கும் இழுவிசை பைலோ அடிநீரின் அழுத்தத்தைத் தணிக்கும் விடுப்பு வால்வோ வேண்டும். வால்வு என்றால் அதை யார் வருஷா வருஷம் சோதிப்பது என்பதும் எழுத்தில் வேண்டும்.

பம்ப் அறை குளத்தைவிடத் தாழ்வாக இருந்தால் பம்புக்கு நல்லது, திடீர் வெள்ளத்தில் அறைக்கு ஆபத்து. வாசல் படியை உயர்த்தி, நீரிறைப்பு பம்ப் இரண்டு, அவை ஜெனரேட்டர் இணைப்பில்.

குளோரின்: திறந்தவெளியில் வெயில் அதை மத்தியானத்துக்குள் தின்றுவிடும், அதனால் நிலைப்படுத்தி கலந்த மாத்திரை போடுவார்கள். மாத்திரையையே தொடர்ந்து போட்டால் அந்த நிலைப்படுத்தியான சயனூரிக் அமிலம் ஏறிக்கொண்டே போய்க் குளோரின் இருந்தும் வேலை செய்யாது. அப்போது பாதித் தண்ணீரை மாற்றுவதுதான் வழி. 1,250 கன மீட்டர் தண்ணீர்க் கட்டணத்தை யாரும் பட்ஜெட்டில் போடுவதில்லை.

#8 வலையோரம்

மண்டபம் 48-க்கு 30-இல் 12 களமா? தம்பி, ஒரு தாள் எடுங்கள். ஒரு களம் 13.40-க்கு 6.10. ஆறு ஆறாக இரண்டு வரிசை. சுற்றிலும் நடுவிலும் 2 மீட்டர் விட்டால் நீளவாக்கில் 36.6 கூட்டல் 14, 50.6 மீட்டர். அகலவாக்கில் 26.8 கூட்டல் 6, 32.8 மீட்டர். அவர்கள் கொடுத்த 30-இல் பின்கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே கிடைப்பது 1.07 மீட்டர். பின்னால் ஓடிக் கிளியர் அடிப்பவன் மட்டையைச் சுவரில் உடைப்பான், இல்லை தோளை. இரு வரிசைக்கு நடுவிலும் அதே 1.07, முதுகும் முதுகும் மோதும். பத்துக் களமாகக் குறைத்தாலும் அகலம் மாறாது, மூன்று மீட்டர் அகலம் கூட்டியே ஆக வேண்டும். தூண்களின் தடிமனையும் கழித்துப் பாருங்கள், 30 என்பது வெளி அளவா உள் அளவா?

உயரம்: களத்துக்கு மேல் தடையில்லாமல் 9 மீட்டர், கூரை உச்சியில் அல்ல, உத்திரத்தின் அடியில். விளக்கு களத்துக்கு நேர் மேலே தொங்கக் கூடாது. களங்களுக்கு இடையே பக்கவாட்டில் நீளமாக. சர்வ் தூக்கிப் பார்க்கும்போது எல்ஈடி கண்ணில் குத்தினால் மண்டபமே வீண். பின்சுவர் வெள்ளை அடிக்க வேண்டாம், இறகுப்பந்து தெரியாது. கரும்பச்சையோ நீலமோ.

காற்று: தாழ்வான ஜன்னல் திறந்த மண்டபத்தில் மாலைக் காற்று ஒரு பக்கம் இழுக்கும். காற்றுத் துளைகளுக்கு உள்பக்கம் தடுப்புப் பலகை வேண்டும். மரத்தளம் கேட்டு அடம்பிடிக்காதீர்கள். கூரை ஒருமுறை ஒழுகினால் உப்பும், கரையான் வேறு. சமன் சிமெண்டு மேல் வினைல் விரிப்பு போதும்.

கூரை ஒழுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் தகடு இல்லை, கூரை நடுவில் மழைநீர் ஓடும் பெட்டி நீர்க்கால். 1,700 சதுர மீட்டர் கூரையில் மணிக்கு 250 மி.மீ. வேகத்தில் ஐந்து நிமிஷம் கொட்டினால் வினாடிக்கு 118 லிட்டர். இலை அடைத்தால் நீர்க்கால் உள்பக்கமாக வழிந்து நேரே களத்தில். நீர்க்காலைக் கூரையின் வெளி ஓரத்தில் வைக்கச் சொல்லுங்கள். வழிந்தாலும் வெளியே வழியட்டும்.

90 கார் நிறுத்துமிடமும் போதாது. 12 களம், இரட்டையர் ஆட்டம், 48 பேர். மணி அடிக்கும்போது 48 பேர் வெளியே, 48 பேர் உள்ளே. அந்தப் பத்து நிமிஷத்தில் மண்டபத்துக்கே நிறுத்துமிடம் போய்விடும், மிச்சம் உங்கள் அடுக்குமாடி வாசலில். களங்களின் நேரத்தைப் பாதிக்குப் பாதி அரை மணி தள்ளி வைத்தால் நெரிசல் பாதி குறையும், காசு செலவே இல்லை.

#9 மதகு

குட்டையைப் பற்றி யாரும் பேசவில்லை. கெப்போங் மெட்ரோபாலிட்டன் பூங்கா மாதிரி வெள்ளநீர்க் குட்டையும் பூங்காவும் ஒன்றாக இருப்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் குட்டை முதலில் ஜேபிஎஸ் (நீர்ப்பாசன, வடிகால் துறை) போடும் வெள்ளக் கணக்குக்கு, பிறகுதான் அழகுக்கு. மெதுவோட்டப் பாதை வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கிறதா? கீழே என்றால் ஒவ்வொரு பெருமழைக்கும் சேறு கழுவ ஆள் வேண்டும். கரைச் சரிவு 4-க்கு 1-ஐவிடச் செங்குத்தானால் புல் வெட்டும் இயந்திரம் ஏறாது, குழந்தை சறுக்கினால் ஏறி வரவும் முடியாது. லொங்காங் (சாக்கடைக் கால்வாய்) வந்து சேரும் வாயில் குப்பைத் தடுப்பு, அதை அள்ள லாரி இறங்கும் பாதை. இந்தப் பாதையை மட்டும் எப்போதும் மறப்பார்கள்.

#10 தோட்டத்துக் கிராணி

கட்டும் காசு கண்ணுக்குத் தெரியும், காக்கும் காசு தெரியாது. ஓடுதள மேல்பரப்பு எட்டிலிருந்து பத்து வருஷம், வடிகட்டி மணல் ஐந்தாறு வருஷம். இதற்கான நிதி முதல் வருஷத்திலிருந்தே தனிக் கணக்கில் சேர வேண்டும். ஒப்பந்தக்காரர் தன் செலவில் பழுது சரிசெய்யும் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் 12 மாதமா 24 மாதமா என்று கேளுங்கள். மண் அமிழ்வு 12 மாதத்தில் முழுசாகத் தெரியாது, 24 கேட்பது நியாயம்.

காசு எங்கிருந்து என்பதும் முக்கியம். பினாங்கின் பாயான் பாருவில் பீசா அரங்கம் ஸ்பைஸ் ஆனது எஸ்பி செத்தியா என்ற வீடமைப்பு நிறுவனத்தோடு கூட்டு வைத்து, புக்கிட் ஜாலில் புதுப்பிப்பில் எம்ஆர்சிபி நிறுவனம். காசுக்குப் பதில் நிலம் கொடுக்கும் நில மாற்றம் இருந்தால் எந்தத் துண்டு யாருக்குப் போகிறது, வளாகத்தின் எல்லைக்கோடு பிறகு சுருங்காது என்பதற்கு என்ன ஆவணம் என்று கேளுங்கள். நமக்கு என்ன உரிமை என்று தயங்க வேண்டாம். பூங்காவில் கட்டுமானத்தை எதிர்த்த தாமான் ரிம்பா கியாரா வழக்கில் 2023-இல் கூட்டரசு நீதிமன்றம் குடியிருப்பாளர்கள் பக்கம்தான் தீர்ப்பளித்தது.

புக்கிட் ஜாலில் ஒரு காலத்தில் நம்மவர்கள் வாழ்ந்த ரப்பர்த் தோட்டம் என்பது இங்கே பலருக்குத் தெரியும். நிலக்கணக்கை நம்மவர்கள் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, அவ்வளவுதான்.

#11 தாமான்வாசி

எல்லாருக்கும் நன்றி. அச்செடுத்து ஆளுக்கு ஒரு பகுதியாகப் பிரித்துக்கொள்கிறோம்: மண் ஒருவர், மண்டபம் ஒருவர், குளம் ஒருவர். ஒரு சந்தேகம். பலகையில் ஒட்டிய படம் 1:500 என்கிறது, ஆனால் நான் அளவுகோல் வைத்தால் ஓடுதளம் 25 செ.மீ.தான் வருகிறது. 35 வர வேண்டாமா?

#12 மட்டக்கோல்

ஏ1 தாளை ஏ2-ஆகச் சுருக்கி அச்சடித்திருப்பார்கள், எழுத்தில் உள்ள விகிதத்தை மாற்றாமல். படத்தின் கீழ் மூலையில் கோடு போட்ட அளவுப் பட்டை இருக்கும், அதுவும் கூடவே சுருங்கியிருக்கும், அதை நம்பலாம். 176.91 மீட்டருக்கு 25 செ.மீ. என்றால் உண்மை விகிதம் 1:700-க்குப் பக்கம். மண்டபத்தையும் இதே விகிதத்தில் திரும்ப அளந்து போடுங்கள். 48-க்கு 30 எழுத்துப் பிழையாகவும் இருக்கலாம், நிஜமாகவும் இருக்கலாம்.